பொதுச் சுகாதார இளநிலைப் படிப்பு: எங்கே வலு, எங்கே ஓட்டை

பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் தரும் துறைகள் பாடங்களுக்கு வேறு வேறு பெயர் வைத்திருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: உயிரிப் புள்ளியியல், நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சமூக நடத்தை அறிவியல், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும். இவற்றோடு ஒரு களப்பயிற்சி, கடைசி ஆண்டில் ஒரு புராஜெக்ட். இந்த மதிப்புரை தனியொரு கல்லூரியைப் பற்றியது அல்ல, படிப்பைப் பற்றியது. மூன்று நான்கு ஆண்டுகளையும் கட்டணத்தையும் கொடுப்பவருக்கு வேலையிலும் பொறுப்பேற்று நடத்துவதிலும் இது எதைத் தருகிறது என்பதே கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மருத்துவமோ செவிலியமோ போல இது ஒரு தொழிலுக்கான உரிமம் தராது. தருவது இரண்டு திறன்கள். எந்த எண்ணைக் கண்டாலும் "எத்தனை பேரில் இத்தனை?" என்று கேட்கும் பழக்கம் ஒன்று. தன் அதிகாரத்துக்குக் கீழ் வராத ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வேலையை முடிக்கும் பக்குவம் மற்றொன்று. முதலாவது புள்ளியியல், நோய்ப்பரவலியல் வகுப்புகளில் கிடைக்கும்; இரண்டாவது களத்தில் மட்டுமே கிடைக்கும். இரண்டில் ஒன்று சொத்தையாக இருக்கும் துறையில் சேர்ந்தால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

படிப்பின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் அதன் குறை ஒன்று விளங்கும். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916இல் பொதுச் சுகாதாரப் பள்ளியை நிறுவியபோது, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களையே, அதிலும் பெரும்பாலும் மருத்துவர்களையே, மனத்தில் வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு இது முதுநிலைப் படிப்பாகவே நீடித்தது. இளநிலை மாணவர் அனைவருக்கும் பொதுச் சுகாதாரக் கல்வி எட்ட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2003இல் பரிந்துரைத்த பிறகுதான் அந்நாட்டில் இளநிலை வகுப்புகள் வேகமாகப் பெருகின. இதனால் பல இடங்களில் முதுநிலை சிலபஸையே கத்தரித்து இளநிலைக்கு வைத்துவிட்டார்கள். முதுநிலை மாணவர் ஏதாவது ஒரு துறையில் ஊறியவராக வருவார். பதினெட்டு வயதில் வருபவருக்கு அந்த அடித்தளம் கிடையாது. மனித உடலியல், நுண்ணுயிரியல், அடிப்படைக் கணிதம் ஆகிய மூன்றையும் முதல் ஆண்டிலேயே கட்டாயமாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

எண்கள்: படிப்பின் முதுகெலும்பு

புள்ளியியலுக்கு ஒரே ஒரு பருவம் ஒதுக்கும் துறையைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது இரண்டு பருவம் வேண்டும், இரண்டாவது பருவம் முழுக்க உண்மையான டேட்டாவில் நடக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு.

ஒரு நோய் நூறில் ஒருவருக்கு இருக்கிறது. அதற்கான பரிசோதனை, நோயுள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். கேட்பவருக்கு அருமையான பரிசோதனை என்றுதான் தோன்றும். 10,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 99 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 9,900 பேரில் 5 விழுக்காடு, அதாவது 495 பேரும் சிக்குவார்கள். "நோய் உண்டு" என்று வந்த 594 பேரில் உண்மையில் நோயுள்ளவர்கள் 99 பேர்தான், ஆறில் ஒருவர். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த மாணவர், பின்னாளில் ஒரு நிர்வாகக் கூட்டத்தில் "எல்லோருக்கும் பரிசோதனை செய்துவிடலாம்" என்று யாராவது எழுந்து சொன்னால், எதைக் கேட்க வேண்டும் என்று அறிந்திருப்பார். தலைமைப் பண்பு என்று பெரிதாகப் பேசப்படுவதில் பாதி, இப்படிச் சரியான இடத்தில் சரியான கேள்வியை எழுப்புவதுதான்.

அதே போல வயதுச் சீராக்கம், அதாவது வயது அமைப்பு வேறுபடும் ஊர்களை ஒரே அமைப்புக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவது. 10,000 பேர் வாழும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஊரில் இளையோர் 8,000, முதியோர் 2,000. ஆண்டுக்கு ஆயிரம் இளையோரில் 3 பேரும் ஆயிரம் முதியோரில் 24 பேரும் இறக்கிறார்கள். மொத்த இறப்பு 72. இரண்டாம் ஊரில் இரு சாராரும் 5,000, 5,000. இறப்பு ஆயிரத்துக்கு 2, 20. மொத்தம் 110. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாம் ஊர் மோசம். ஆனால் ஒவ்வொரு வயதிலும் முதல் ஊரில்தான் அதிகம் சாகிறார்கள். இரண்டையும் பாதிக்குப் பாதி என்ற ஒரே வயது அமைப்பில் வைத்துக் கணக்கிட்டால் முதல் ஊருக்கு ஆயிரத்துக்கு 13.5, இரண்டாவதற்கு 11. மருத்துவமனைகளை ஒப்பிடுவோரும் காப்பீட்டு நிறுவனங்களில் இருப்போரும் செய்தி எழுதுவோரும் நாள்தோறும் இந்தக் குழியில் விழுகிறார்கள். விழாத ஒருவருக்கு எந்தத் துறையிலும் இடமுண்டு.

சர்வேயில் மாணவர்கள் வழக்கமாகத் தவறவிடுவது மாதிரி அளவு, அதாவது எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பது. நாம் அளப்பது 50 விழுக்காட்டினரிடம் இருக்கும் என்று எதிர்பார்த்து, 5 விழுக்காட்டுப் பிழை வரம்போடு, 95 விழுக்காட்டு நம்பகத்தில் கணக்கிட்டால் 385 பேர் போதும் என்று வரும். அதோடு நிறுத்திவிடுவார்கள். களத்திலோ தனித்தனி ஆட்களைத் தேர்ந்தெடுக்காமல் தெருத்தெருவாக, கொத்துக் கொத்தாக எடுப்பார்கள். ஒரே தெருக்காரர்கள் பல விதத்தில் ஒத்திருப்பதால் அந்த எண்ணை ஏறத்தாழ இரண்டு மடங்காக்க வேண்டியிருக்கும்: 770. பத்தில் ஒருவர் பதில் சொல்ல மறுப்பார் என்று வைத்தால் 856 பேரை அணுக வேண்டும். இதைச் செலவாகவும் ஆள் பலமாகவும் நாட்களாகவும் மாற்றிப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் அது பெரும் பேறு. திட்ட மேலாண்மை என்ற தனிப் பாடம் தருவதைவிட அந்த ஒரு பயிற்சி அதிகம் தரும்.

மென்பொருள் விஷயத்தில் எங்கள் கருத்து கறாரானது. கல்லூரி உரிமத்தில் மட்டுமே இயங்கும் விலை கூடிய மென்பொருளை மட்டும் கற்பித்தால், பட்டம் வாங்கிய மறுநாளே மாணவரின் கை வெறுமையாகிவிடும். புள்ளியியலுக்கான ஆர் மொழி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உருவாக்கிய எபி இன்ஃபோ, வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் ஆகிய மூன்றும் இலவசம். இவற்றில் ஆர் கட்டாயம். எக்ஸெல் வேண்டாம் என்பதில்லை. அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப்போயின. பழைய எக்ஸெல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. மீறியவை சத்தமின்றிக் கழன்றுவிட்டன. விடுபட்ட நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமாயிற்று. உள்ளே போன வரிகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று ஒவ்வொரு படியிலும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் முதல் ஆண்டு ஆய்வகத்திலேயே வந்துவிட வேண்டும்.

நோய்ப்பரவல் பயிற்சி

ஒரு துறையின் தரத்தை ஒரே நாளில் எடைபோட வேண்டுமானால் நோய்ப்பரவல் விசாரணைப் பயிற்சி நடக்கும் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். சரியாக நடத்தினால் அது இந்தப் படிப்பின் மிகச் சிறந்த பகுதி. விருந்துக்குப் பின் பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது என்ற செய்தியோடு தொடங்கும். யாரை நோயாளி என்று கணக்கில் எடுப்பது என்பதற்கு ஆள், இடம், காலம், அறிகுறி அடங்கிய வரையறை எழுத வேண்டும். அடுத்து ஆளுக்கு ஒரு வரியாகப் பட்டியல். பிறகு எந்த மணிக்கு எத்தனை பேருக்குத் தொடங்கியது என்ற வரைபடம். அதில் ஒரு பட்டைக்கு எத்தனை மணி நேரம் என்று முடிவு செய்வதில் பலர் தடுமாறுவார்கள். நோய் முதிரும் காலத்தில், அதாவது கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையுள்ள காலத்தில், சுமார் நான்கில் ஒரு பங்கு வைத்தால் வடிவம் தெளிவாகத் தெரியும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சின் பக்கம் சந்தேகம் போகும். 12 முதல் 48 மணி நேரம் என்றால் நோரோவைரஸ்.

அடுத்த படியில்தான் பெரும்பாலானோர் சறுக்குவார்கள். நோயுற்றவர்களிடம் மட்டும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு வருவார்கள். நோய் வராதவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்காவிட்டால் எல்லாம் வீண். ஒரு பண்டத்தைச் சாப்பிட்ட 60 பேரில் 45 பேருக்கு நோய், அதாவது 75 விழுக்காடு. சாப்பிடாத 40 பேரில் 8 பேருக்கு, 20 விழுக்காடு. வகுத்தால் 3.75 மடங்கு. அந்த இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரிக்கு அர்த்தமே இல்லை. விருந்துக்கு வந்த எல்லோருமே சோறு சாப்பிட்டிருப்பார்கள் என்பதால் நோயாளிகளில் நூற்றுக்கு நூறு பேர் சோறு சாப்பிட்டவர்கள் என்று வரும், சோறே குற்றவாளி என்று ரிப்போர்ட் போகும்.

நல்ல ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியில் தகவலை மொத்தமாகக் கொடுப்பதில்லை. அன்றைக்கு என்ன தெரிந்ததோ அதை மட்டும் கொடுத்து, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஆய்வக முடிவு வர இன்னும் மூன்று நாளாகும், சமையற்கூடத்தை மூடுவதா வேண்டாமா? மூடினால் பலர் கூலி இழப்பார்கள், மூடாவிட்டால் நாளை இன்னும் நாற்பது பேர் படுக்கலாம். முடிவை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே அடுத்த நாள் தகவல் வரும். அரைகுறைத் தகவலோடு முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்கும் பயிற்சியை இதைவிட நேராக எந்த இளநிலை வகுப்பும் தருவதாகத் தெரியவில்லை.

தலைமைப் பண்பு: தனிப் பாடமாக வேண்டாம்

பல துறைகள் "தலைமைத்துவம்" என்று தனித் தாள் வைத்திருக்கின்றன. ஆளுமை வகைகள், ஊக்கமூட்டும் கோட்பாடுகள், ஒரு தேர்வு. இது வீணான தாள் என்றே கருதுகிறோம். பொதுச் சுகாதாரத்தின் சொந்த வரலாற்றில் இதைவிட நல்ல பாடங்கள் கிடக்கின்றன.

லண்டனில் 1854இல் காலரா பரவியபோது பிராட் தெரு அடிகுழாய்த் தண்ணீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டதை எல்லாச் சிலபஸும் சொல்லும். அவர் கையில் அதிகாரம் எதுவும் இல்லை என்பதைப் பலர் சொல்வதில்லை. உள்ளூர்ப் பாதுகாவலர் குழுவின் முன்போய்ப் பேசி, அவர்களை இணங்கவைத்து, செப்டம்பர் 8 அன்று குழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்தார். அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே மாணவர்கள் படிக்க வேண்டும். எது நம் நடவடிக்கையின் பலன், எது தானாக நடந்தது என்று பிரிப்பதும் நேர்மைதான்.

வியன்னாவில் 1847இல் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்துப் பிரசவ வார்டின் இறப்பைச் செமல்வெய்ஸ் வெகுவாகக் குறைத்தார். எண்கள் அவர் பக்கம். ஆயினும் சக மருத்துவர்களில் பலர் ஏற்கவில்லை. தன் முடிவுகளை முழு நூலாக அவர் வெளியிட்டது 1861இல்தான். டேட்டா சரியாக இருந்தால் உலகம் தானாகத் திரும்பும் என்று நம்பும் மாணவருக்கு இது அவசியமான பாடம். நைஜீரியாவில் 1966இல் பெரியம்மைத் தடுப்பூசி போதாத நிலையில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகி, ஊரெல்லாம் ஊசி போடுவதை விட்டு, நோயாளி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் போடும் வழியைக் கையாண்டார். பின்னாளில் உலகெங்கும் பெரியம்மையை ஒழித்த உத்தியாக அது வளர்ந்தது. 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இருப்பது கொஞ்சம் என்றால் அதை எங்கே வைப்பது? நிர்வாகம் என்றால் இந்தக் கேள்விதான்.

பிரிட்டிஷ் நோய்ப்பரவலியலாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980களில் எடுத்துக்காட்டிய முரணையும் இங்கே சேர்க்க வேண்டும். அதிக ஆபத்துள்ள 10,000 பேரில் 5 விழுக்காட்டினருக்கு நோய் வந்தால் 500 பேர். குறைந்த ஆபத்துள்ள 90,000 பேரில் 1 விழுக்காடு என்றாலே 900 பேர். ஆகவே எல்லோருடைய ஆபத்தையும் கொஞ்சம் குறைப்பதுதான் கூடுதல் பலன் தரும். ஆனால் தனி ஆளுக்கு அந்தப் பலன் கண்ணுக்கே தெரியாது. வராத நோய்க்காக யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், பட்ஜெட்டும் கேட்டவுடன் கிடைக்காது. இந்தச் சூழலில் வாதாடப் பழகியவர் எந்த நிறுவனத்திலும் நீண்டகால வேலைகளைத் தாங்கிப் பிடிப்பார்.

குழு வேலைகளைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து பேர் குழுவில் ஒருவரே எல்லாம் செய்துவிடுவது எங்கும் உள்ள நோய். பொறுப்புகளைச் சுழற்றினால் குணமாகும்: இரண்டு வாரத்துக்கு ஒருவர் களத் தலைவர், ஒருவர் டேட்டாக் காப்பாளர், ஒருவர் ஒருங்கிணைப்பாளர், ஒருவர் பாதுகாப்பு, ஒருவர் பேச்சாளர். பேச்சாளர் மூன்று நிமிடத்தில் தெரிந்தது எது, தெரியாதது எது, செய்வது என்ன, மக்கள் செய்ய வேண்டியது என்ன, அடுத்த தகவல் எப்போது என்று சொல்லி முடிக்க வேண்டும். முதல் முறை ஏறக்குறைய எல்லோரும் தெரியாததைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். நான்காவது முறைக்குள் பழகிவிடும்.

சமூக நடத்தைப் பாடம்தான் பல இடங்களில் மிகப் பலவீனம். எந்த அசைன்மென்டை எடுத்தாலும் "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று முடியும். போஸ்டர் ஒட்டுவார்கள், ஊர்வலம் போவார்கள், பயிற்சி பெற்றோர் 200 பேர் என்று பலன் பகுதியில் எழுதுவார்கள். பயிற்சி நடந்தது என்பது செயல். அதனால் எத்தனை பேர் நடைமுறையை மாற்றினார்கள் என்பதே பலன். உப்பில் அயோடின் சேர்ப்பது போல, தனி ஆள் தினமும் யோசித்து முடிவெடுக்கத் தேவையில்லாத வழி இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லும் ஆசிரியரிடம் படியுங்கள்.

களப்பயிற்சி: கேட்டுப் பெற வேண்டியது

வாரத்துக்கு ஓர் இடமாக எட்டு இடம் சுற்றிக்காட்டுவதைவிட ஒரே இடத்தில் எட்டு வாரம் இருப்பது பல மடங்கு மேல். முதல் இரண்டு வாரம் அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று புரிவதற்கே போய்விடும். தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும்: எந்தப் பிரச்சினை, எதை முடித்துக் கொடுக்கப் போகிறோம், அதை அங்கே யார் பயன்படுத்துவார், வழிகாட்டி யார், வாரத்தில் எந்த நாள் சந்திப்பு. இது இல்லாமல் போனால் மாணவர் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் கூலியாளாகவே எட்டு வாரத்தையும் கழிப்பார்.

ஆட்களிடம் கேள்வி கேட்கும் ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் ஆகும். எனவே முந்தைய பருவத்திலேயே வினாத்தாளை முடித்து விண்ணப்பிக்க வேண்டும். பத்து இருபது பேரிடம் முன்சோதனை செய்யாத வினாத்தாள் களத்தில் நிச்சயம் உடையும். கேள்வி புரியாமல் எல்லோரும் "ஆம்" என்று சொல்வது அதன் முதல் அறிகுறி. ரிப்போர்ட்டில் அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்துக்கும் குறைவானவர்கள் இருந்தால் அந்த எண்ணை மறைக்க வேண்டும், இல்லையேல் சிறிய ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சேரும் முன் துறையிடம் கேளுங்கள்: போன ஆண்டு மாணவர்கள் களத்தில் முடித்துக் கொடுத்தவற்றில் மூன்றைக் காட்ட முடியுமா? புகைப்பட ஆல்பத்தைக் காட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

வேலை

இங்கே பூசி மெழுகக் கூடாது. நோய்ப்பரவலியலாளர் என்ற பெயருள்ள பதவிகளில் பெரும்பாலானவை முதுநிலைப் பட்டம் கேட்கும். இளநிலை முடித்தவருக்கு முதலில் அமைவது நோய்க் கண்காணிப்பு உதவியாளர், மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர், தொழிலகப் பாதுகாப்பு, மருத்துவமனையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு, தொண்டு நிறுவனங்களில் திட்டக் கண்காணிப்பு, காப்பீட்டு டேட்டா போன்றவை. பதவிப் பெயர் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்றாக இருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் செய்யும் வேலையை வைத்துத் தேடுங்கள். அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய நோய்ப்பரவல் புலனாய்வுப் பணியும், அதைப் பின்பற்றிப் பல நாடுகளில் நடக்கும் கள நோய்ப்பரவலியல் பயிற்சிகளும் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்கானவை. ஆனால் இளநிலையில் ஒழுங்காகக் களம் கண்டவர் அங்கே முந்துவார்.

நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலைவிட நான்கு பொருட்கள் பேசும்: தானே எழுதி, பிறர் ஓட்டினாலும் அதே விடை தரும் ஒரு பகுப்பாய்வு ஸ்கிரிப்ட், ஒரு வரைபடம், முன்சோதனை முடித்த ஒரு வினாத்தாள், அதிகாரி ஒருவர் படித்து முடிவெடுக்கக்கூடிய இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு. மருத்துவம், சட்டம், இதழியல், நகரத் திட்டமிடல் என்று வேறு வழியில் போக நினைப்பவருக்கும் இது நல்ல அடித்தளம். நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருவதுதான் ஆசை, மருத்துவ இடம் கிடைக்காததால் மட்டும் இங்கே வருகிறேன் என்பவருக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். செவிலியமோ இயன்முறை மருத்துவமோ அவர் மனத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

ஏற்கெனவே சுமாரான துறையில் சேர்ந்துவிட்டவர் மனம் தளர வேண்டாம். புள்ளியியல் துறையில் ஒரு விருப்பப் பாடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் மொழியில் "அவுட்பிரேக்ஸ்" என்ற தொகுப்பில் பழைய நோய்ப்பரவல்களின் டேட்டா இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, நாள்வாரி வரைபடம் போட்டு, பாதி நாள் வரையுள்ள தகவலை மட்டும் வைத்து ஒரு பக்கத்தில் உங்கள் முடிவை எழுதுங்கள். பிறகு மீதியைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் கேள்வி கேட்டுத் துளைக்கலாம். பருவத்துக்கு மூன்று முடிந்தால் கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்காது.